பெர்ரி மேசன் ஏன் அலுப்பதில்லை?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

எர்ல் ஸ்டான்லி கார்ட்னர் எழுதிய, பெர்ரி மேசன் என்ற வழக்கறிஞரைப் பற்றிய நாவல்களைப் பள்ளி நாட்களில் வெறியோடு படித்தவன் நான். சமீபத்தில் நாலைந்தை மறுபடி எடுத்தேன். எல்லாம் ஒரே கதைதான். யாரோ ஒருவர் பிரச்சினையோடு அலுவலகத்துக்கு வருகிறார், பாதி பொய் சொல்கிறார், ஒரு கொலை நடக்கிறது, பழி அவர் மேல் விழுகிறது, மேசன் நீதிமன்றத்தில் காப்பாற்றுகிறார். வர்ணனை கிடையாது. பாத்திரங்கள் வளர்வதும் இல்லை. வழக்கறிஞரான என் நண்பர், "எந்தக் கோர்ட்டிலும் கொலைகாரன் எழுந்து நின்று ஒப்புக்கொள்வதில்லை" என்று சிரிக்கிறார். இவ்வளவு தெரிந்தும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. இது பழைய நினைவின் மயக்கமா, இல்லை உண்மையிலேயே அதில் ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

இருக்கிறது. வெறும் மயக்கம் என்றால் முதல் புத்தகத்தின் பாதியிலேயே கலைந்திருக்கும்.

உங்கள் நண்பர் சொல்வதில் தவறில்லை. ஆனால் கூண்டிலேயே கொலைகாரன் உடைந்து அழும் காட்சி நம் மனதில் இவ்வளவு அழுத்தமாகப் பதிந்ததற்குத் தொலைக்காட்சித் தொடருக்குப் பெரிய பங்கு உண்டு. 1957 முதல் 1966 வரை ரேமண்ட் பர் மேசனாக நடித்து 271 பகுதிகள் வந்தன. வாராவாரம் ஒரு மணி நேரத்துக்குள் கதையை முடித்தாக வேண்டும், அதற்கு ஒப்புதல் வாக்குமூலம் வசதியான வழி. நாவல்களில் பல இடங்களில் மேசன் செய்வது வேறு. அரசுத் தரப்பு அடுக்கிய சாட்சியத்தில் ஒரே ஒரு செங்கல்லை உருவுவார். வழக்கு சரிந்துவிடும். உண்மையில் என்ன நடந்தது என்பது அப்புறம், அலுவலகத்தில் செயலாளர் டெல்லா ஸ்ட்ரீட்டும் துப்பறிவாளர் பால் டிரேக்கும் கூட இருக்கும்போது, பேச்சுவாக்கில் நமக்குத் தெரியவரும்.

கார்ட்னர் நீதிமன்றத்தை வேடிக்கை பார்த்து எழுதியவர் இல்லை. சட்டக் கல்லூரியில் சேர்ந்து சீக்கிரமே வெளியேறி, வழக்கறிஞர் அலுவலகங்களில் வேலை பார்த்துக்கொண்டே தானாகப் படித்து, 1911இல் கலிபோர்னியாவில் வழக்கறிஞரானார். ஆக்ஸ்நார்டிலும் வென்சுராவிலும் தொழில் செய்தார். ஆக்ஸ்நார்டில் அவரைத் தேடி வந்தவர்களில் சீனக் குடியேறிகள் நிறையப் பேர். ஊரில் செல்வாக்கு இல்லாதவன் ஒரு வழக்கில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை அங்கே பக்கத்திலிருந்து பார்த்தார். பகலில் கோர்ட், இரவில் மலிவு விலைப் பத்திரிகைகளுக்குக் கதை என்று பல வருடம் ஓடிய பிறகுதான், 1933இல் முதல் மேசன் நாவல் வந்தது.

அந்தத் தொழில் அனுபவத்திலிருந்து அவர் எடுத்துக்கொண்ட மிகப் பெரிய விஷயம், முதற்கட்ட விசாரணை. கவனித்திருப்பீர்கள், பல நாவல்களில் ஜூரியே கிடையாது. எதிரே ஒரு நீதிபதி மட்டும். கலிபோர்னியாவில் ஒருவரைப் பெரிய குற்றத்துக்காக முழு விசாரணைக்கு அனுப்புவதற்கு முன்னால், அதற்குப் போதிய முகாந்திரம் இருக்கிறதா என்று நீதிபதி பார்ப்பார். சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே அரசுத் தரப்புக்கு இல்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் வழக்கறிஞர்கள் பொதுவாக அதில் தங்கள் சீட்டைக் காட்டமாட்டார்கள். அரசுத் தரப்பு என்ன வைத்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு, முழு விசாரணைக்குத் தயாராவார்கள். மேசன் எல்லாவற்றையும் அங்கேயே பந்தயம் வைக்கிறார்.

ஒரு நாவலாசிரியருக்கு இதில் எவ்வளவு லாபம் என்று பாருங்கள். ஜூரியைத் தேர்ந்தெடுக்கும் நீண்ட சடங்கு இல்லை. கொலை நடந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கிறது, போலீஸுக்கே முழு விஷயமும் தெரியாது. அதனால் புலனாய்வு முடிந்த பிறகு வழக்கு என்று இல்லாமல், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மதிய இடைவேளையில் டிரேக் ஒரு செய்தி கொண்டுவருவார், இரண்டு மணிக்கு அது குறுக்கு விசாரணையில் கேள்வியாகிவிடும். மற்ற துப்பறியும் நாவல்களில் துப்பறிபவர் தனியாக உட்கார்ந்து யோசிப்பார், நாம் காத்திருப்போம். இங்கே யோசனை முழுவதும் வாய்விட்டு நடக்கிறது, அதுவும் ஒவ்வொரு கேள்விக்கும் ‘ஆட்சேபிக்கிறேன்’ என்று எழும் அரசு வழக்கறிஞர் ஹாமில்டன் பர்கரின் முன்னால். தொடர் இவ்வளவு காலம் நின்றதற்கு என் கணக்கில் முதல் காரணம் இந்த அமைப்புதான்.

வர்ணனை இல்லை என்கிறீர்கள். உண்மைதான். கார்ட்னர் நாவல்களைக் கையால் எழுதவில்லை, சொல்லச் சொல்லச் செயலாளர்கள் எழுதினார்கள். அதனால் பக்கங்களில் பேச்சுதான் நிறைந்திருக்கிறது. ஆனால் நீதிமன்றமே பேச்சால் ஆன இடம் இல்லையா? ஒரு சாட்சி ‘நான் பார்த்தேன்’ என்று உறுதியாகச் சொல்கிறார். மேசன் சத்தம் போடுவதில்லை. எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில், கண்ணாடி போட்டிருந்தீர்களா, அடையாள அணிவகுப்புக்கு முன்னால் போலீஸ் உங்களுக்குப் போட்டோ ஏதாவது காட்டியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறார். மூன்று பக்கம் தாண்டுவதற்குள் ‘பார்த்தேன்’ என்பது ‘பார்த்ததாக நினைக்கிறேன்’ ஆகிவிடுகிறது. அந்தச் சாட்சி பொய்யரும் இல்லை. நல்ல மனிதர், தான் சொல்வதை மனதார நம்புகிறவர். எனக்கு ஒவ்வொரு முறையும் உடம்பு சிலிர்ப்பது இந்த இடத்தில்தான். கொலைகாரன் யார் என்று தெரியும்போது அந்த அளவு இல்லை.

இது வெறும் கதை உத்தி என்று நினைத்துவிடாதீர்கள். 1948இல் ‘ஆர்கசி’ பத்திரிகையோடு சேர்ந்து ‘கோர்ட் ஆஃப் லாஸ்ட் ரிசார்ட்’ என்ற ஒரு முயற்சியைக் கார்ட்னர் தொடங்கினார். செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டதாகச் சொல்லும் கைதிகளின் வழக்குகளை நிபுணர்களை வைத்து மறுபடி ஆராய்வதுதான் வேலை. அதைப் பற்றி அவர் எழுதிய நூலுக்கு, குற்ற, மர்ம எழுத்துக்குத் தரப்படும் எட்கர் விருது கிடைத்தது. பிற்கால மேசன் நாவல்களின் முன்னுரைகளைப் புரட்டுங்கள். சட்ட மருத்துவர்கள், சிறை அதிகாரிகள், போலீஸ்காரர்கள் என்று ஒவ்வொருவராக அழைத்து நன்றி சொல்லியிருப்பார். அந்த மனிதரின் அக்கறை உண்மையானது.

அந்தக் காலத்தையும் நினைத்துப் பாருங்கள். கடுமையான குற்றம் சாட்டப்பட்ட ஏழைக்கு மாநில அரசு வழக்கறிஞர் வைத்துத் தந்தாக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1963இல்தான். காவலில் வைத்து விசாரிக்கும் முன் ‘நீ பேசாமலிருக்கலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம்’ என்று போலீஸ் சொல்லியாக வேண்டும் என்ற தீர்ப்பு 1966இல். அதற்கெல்லாம் முப்பது வருடம் முன்பே மேசன் தன் கட்சிக்காரர்களிடம் ‘நான் வரும்வரை ஒரு வார்த்தை பேசக் கூடாது’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வரியை அன்றைய வாசகர் எப்படிப் படித்திருப்பார் என்று யோசித்தால், அது சலிப்பூட்டும் வசனமாகத் தெரியாது.

இன்னொன்று, கட்சிக்காரர்களின் பொய். முதல் நாவலான ‘தி கேஸ் ஆஃப் தி வெல்வெட் க்ளாஸ்’ இதில் உச்சம். அதில் மேசனைத் தேடி வரும் பெண் அவரிடம் பெயரிலிருந்தே பொய் சொல்கிறாள். கொலை நடந்ததும், கணவனோடு சண்டை போட்டது மேசனின் குரல் என்று சொல்லி அவர் மேலேயே சந்தேகத்தைத் திருப்பிவிடுகிறாள். டெல்லாவுக்கு அவளைக் கண்டாலே ஆகாது. ஆனாலும் மேசன் அவளைக் கைவிடமாட்டார். அவள் நல்லவள் என்பதற்காக இல்லை, அவளுடைய வழக்கை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பதற்காக. தொலைக்காட்சியின் கண்ணியமான மேசனை மட்டும் பார்த்தவர்களுக்கு இந்த முரட்டு மேசன் அதிர்ச்சியாக இருப்பார். தடயத்தோடு விளையாடுவார், சட்டத்தின் விளிம்பில் நடப்பார், தேவைப்பட்டால் தானே சிறைக்குப் போகும் அபாயத்தையும் எடுப்பார். எனக்குப் பிடித்தவர் இவர்தான்.

குறைகள் எனக்கும் தெரிகின்றன. பெண்களை வர்ணிக்கும் இடங்கள் இன்று நெளிய வைக்கின்றன. 1960களின் நாவல்களில் களைப்பு தெரிகிறது, உரையாடல் கூட இயந்திரம்போல ஆகிவிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட நாவல்களில் எல்லாமே தேறும் என்று நான் சொல்லமாட்டேன். 1930களிலிருந்து 1950களின் நடுப்பகுதி வரை வந்தவற்றைத்தான் நண்பர்களுக்குத் தருவேன்.

கதை ஒரே மாதிரி இருப்பதைப் பற்றி ஒன்றே ஒன்று. அச்சு மாறாததால்தான் நம் கவனம் முழுவதும் சாட்சியத்தின் மேல் போகிறது. ஆட்கள் யார், எங்கே நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு முறையும் பழக வேண்டியதில்லை. நேராக வழக்குக்குள் இறங்கிவிடலாம்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ‘வெல்வெட் க்ளாஸ்’ஸில் நீதிமன்றக் காட்சியே கிடையாது, மேசன் என்ற மனிதருக்காக அதை முதலில் படியுங்கள். அதன் முடிவிலேயே அடுத்த வழக்கு கதவைத் தட்டும், அதுதான் ‘தி கேஸ் ஆஃப் தி சல்கி கேர்ள்’. அதையும் விடாமல் படித்துவிடுங்கள். பிறகு ஒரே தாவலாக 1956இன் ‘தி கேஸ் ஆஃப் தி டெரிஃபைட் டைப்பிஸ்ட்’. அதில் ஜூரி திரும்பி வந்து ‘குற்றவாளி’ என்று தீர்ப்புச் சொல்கிறது. அதற்குப் பிறகு மேசன் என்ன செய்கிறார் என்பதை நான் சொல்லப்போவதில்லை.

அன்புடன்.