அண்ணாச்சிகிட்ட கேளுங்க: பட்டவராயன் செருப்பும் நனையாத நெல்லும்

கேள்வி (பாளையங்கோட்டை வாசகி): நெல்லையப்பர் கதைய பையனுக்குச் சொன்னேன். ஏழாவது படிக்கான். "சுத்தி மழை பெய்யும்போது நெல்லு மட்டும் எப்படிம்மா நனையாம இருக்கும்"னு கேக்கான். யூடியூப்ல ஒருத்தர் நெல்லுன்னா ஆன்மா, மழைன்னா ஆசை, வேலின்னா தியானம்னு விளக்கம் சொல்லுதாரு. நான் எதைச் சொல்ல?

பதில்: தாயீ, அந்த யூடியூப்காரர் வாழ்நாள்ல ஒரு மரக்கா நெல்லு காயப்போட்டிருக்க மாட்டாரு, அது மட்டும் நிச்சயம். பிசான அறுப்பு முடிஞ்சு ரோட்டுல நெல்லை விரிச்சிருப்போம், திடீர்னு மேக்க கறுத்துக்கிட்டு வரும், எங்க ஆச்சி வாரியலும் கையுமா ஓடுவா, பின்னாலயே நாங்க தார்ப்பாய இழுத்துக்கிட்டு ஓடுவோம், பாதி நெல்லு அதுக்குள்ள ஓடையில போயிரும். நனைஞ்ச நெல்லை ரெண்டு நாள் கழிச்சு கையில அள்ளிப் பாத்திருக்கியளா? சூடா இருக்கும், முளை விட்டிருக்கும், ஒரு புளிச்ச வாடை வரும். கதையில வார பக்தர் வேதசர்மா காயப்போட்டது சாமி நைவேத்தியத்துக்குன்னு வீடு வீடா கேட்டு வாங்கின நெல்லு. ஆத்துல குளிச்சிட்டு இருக்கும்போது மழை வந்துட்டு, அந்த மனுசன் ஓடி வந்த ஓட்டத்த மொதல்ல பையனுக்குச் சொல்லுங்க. உள்ளர்த்தம் எங்கயும் போயிராது, அப்புறம் பாத்துக்கிடலாம்.

இன்னொண்ணு கவனிச்சியளா, கதையில சாமி மழைய நிறுத்தல. மழை ஊருக்கு வேணும்லா. நெல்லைச் சுத்தி மட்டும் வேலி போட்டுட்டு மழைய அது பாட்டுக்கு பெய்ய விட்டுட்டாரு. எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்ச இடமே அதான்.

பையன் கேட்டதுல தப்பே இல்ல. நெல்லுக்கு வேலி போட்டதாலதான் ஊருக்கு இந்தப் பேருன்னு கதை சொல்லுது. ஏழாம் நூற்றாண்டுல சம்பந்தர் பாடும்போதே ஊரு பேரு திருநெல்வேலிதான். வயலு சூழ்ந்த ஊருன்னு பேரு வந்திருக்கும், கதை பின்னால சேந்திருக்கும்னு அவன் வளந்து வந்து சொன்னான்னா நீங்க ஒண்ணும் சண்டைக்குப் போவாதீங்க.

கேள்வி (பெங்களூர்ல வேலை பாக்கும் அம்பாசமுத்திரத்து தம்பி): எங்க குலதெய்வம் காரையாறு சொரிமுத்து ஐயனார். ஆடி அமாவாசைக்குப் போவோம். அங்க பட்டவராயனுக்கு செருப்பு காணிக்கை போடுறாங்க, போட்ட செருப்பு அடுத்த வருசம் தேஞ்சிருக்கும்னு அப்பா சொல்வாங்க. இங்க ஒரு மெடிட்டேஷன் கிளாஸ் போறேன், இந்த மாதிரி சிறுதெய்வம்லாம் "லோ எனர்ஜி", விட்டுருங்கன்னு சொல்றாங்க. விட்டுரலாமா அண்ணாச்சி?

பதில்: தம்பி, தியானம் பண்ணுங்க, நல்லதுதான், ராத்திரி தூக்கம் வரும். ஆனா லோ எனர்ஜின்னு சொன்னவருக்கு, பட்டவராயனா சாமியான முத்துப்பட்டன் கதை தெரியாதுபோல. உங்களுக்காவது முழுசா தெரியுமா? வில்லுப்பாட்டுல விடிய விடிய பாடுவாவ, நான் சுருக்கமா சொல்லுதேன்.

பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கான்னு அக்கா தங்கச்சி ரெண்டு பேரு மேல ஆசைப்படுதான். அவங்க அப்பா வாலப்பகடை, மாட்டுக்குக் காவல் இருக்கவரு, தோல் வேலை பாக்கவரு. பொண்ணைக் குடுன்னு வந்து நிக்கவன்கிட்ட அவரு என்ன கேக்காரு? காசா பணமா? பூணூலை அறுத்துட்டு வா, குடுமிய எடுத்துட்டு வா, செருப்பு தைச்சுக்கிட்டு வாங்காரு. அவனும் அப்படியே செஞ்சுட்டு வாரான். கல்யாணமும் நடக்கு, ஈரம் காயுததுக்குள்ள மாட்டைத் திருடன் ஓட்டிட்டுப் போறான்னு சேதி. போய் சண்டை போட்டு மாட்டை மீட்டுட்டு செத்துப் போறான், பொண்டாட்டிக ரெண்டு பேரும் அவன்கூடவே தீயில விழுதாவ.

இந்தக் கதைய நாட்டுப்புறக் கதைகளை ஆராய்ச்சி பண்ணின நா. வானமாமலை தொகுத்து அச்சுல கொண்டு வந்திருக்காரு. அந்தப் பொண்ணுங்க பிறப்புல பிராமணப் பொண்ணுங்கதான், பகடை எடுத்து வளத்தாருன்னும் ஒரு மாதிரி பாடுதாவ. எனக்கு அது, இந்தக் கல்யாணத்தைப் பொறுக்க முடியாதவங்க பின்னால ஒட்டுப்போட்ட இடம் மாதிரிதான் தெரியுது, அந்த ஒட்டை எடுத்துட்டா கதை இன்னும் கனமா நிக்கும்.

இப்ப செருப்புக்கு வாரேன். வேற எந்தக் கோயிலுக்குப் போனாலும் செருப்பை வெளிய விட்டுட்டுல்லா போறோம்? அதுக்கு டோக்கன் வேற. இங்க அந்தச் செருப்புதான் காணிக்கை, சாமி முன்னால கட்டித் தொங்குது, தோல் வாடையும் சந்தன வாடையும் ஒண்ணா கலந்து அடிக்கும். சின்னப்பிள்ளையில எங்க அப்பா என்னைத் தூக்கி ஒரு செருப்போட அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாக்கச் சொன்னாவ. காஞ்ச மண்ணு ஒட்டியிருந்துச்சு. யாரு போட்டு நடந்த மண்ணுன்னு நான் கேக்கவும் இல்ல, அவங்க சொல்லவும் இல்ல. செத்தும் காவல் சுத்துதான்னு நம்புத சனம் அவனுக்கு வருசா வருசம் புதுச் செருப்பு குடுக்கு, இதுல என்ன லோ இருக்கு?

ஆடி அமாவாசைக்கு லீவு போட்டு வாங்க தம்பி. புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்க இடம், பிளாஸ்டிக்கு மட்டும் கொண்டு வந்துராதீங்க.

கேள்வி (கடையம் வாசகர்): அகத்தியர் இன்னும் பொதிகையில உயிரோட இருக்காரா? வாட்ஸ்அப்ல போட்டோ வருது.

பதில்: அந்த போட்டோவ அனுப்பினவரு போன் நம்பரை மொதல்ல பிளாக் பண்ணுங்க அண்ணாச்சி. கைலாசத்துல சிவன் கல்யாணம், கூட்டத்துல வடக்கு தாழ்ந்துட்டு, சமப்படுத்தணும்னு இவரை மட்டும் தெக்க அனுப்பிட்டாவ. ஊரே கல்யாண வீட்டுல இருக்கும்போது டூட்டி மாட்டினவனுக்குத்தான் இந்தக் கதை புரியும், எனக்கு ரெண்டு கல்யாணம் அப்படிப் போயிருக்கு. ஆனா அகத்தியருக்கு குறை வைக்கல, அந்தக் கல்யாணக் கோலத்தை பாபநாசத்துலயே சாமி வந்து காட்டிட்டுப் போனாருன்னு தலபுராணம் சொல்லுது. எனக்கு ஒரு வாழை இலைச் சாப்பாட்டு பார்சல் கூட வரல.