வீடு கட்டும் கம்பெனிப் பங்கு: லாபம் வருது, டிவிடெண்ட் வரலையே?

வீடு கட்டி விற்கும் நிறுவனத்தின் பங்கை 3 வருடமாக வைத்திருக்கிறேன். காலாண்டுக்குக் காலாண்டு ‘விற்பனையில் சாதனை’ என்கிறார்கள். டிவிடெண்ட் மட்டும் அசையவே இல்லை. ஏமாற்றுகிறார்களா?
- வாசகர், சேலம்

அந்தச் சாதனை புக்கிங் கணக்கு, லாபக் கணக்கு அல்ல. 2018 ஏப்ரலில் அமலான இண்ட் ஏ.எஸ். 115 கணக்கு முறைக்குப் பிறகு, பெரும்பாலான நிறுவனங்கள் வீட்டை முடித்து ஒப்படைக்கும் கட்டத்தில்தான் அதை வருமானமாக எழுதுகின்றன. இன்று புக் ஆகும் ஃபிளாட்டின் லாபம் 3, 4 வருடம் கழித்துத்தான் கணக்குக்கு வரும். டிவிடெண்டோ, தேய்மானம் கழித்த லாபத்திலிருந்துதான் கொடுக்க முடியும் (கம்பெனிகள் சட்டம், பிரிவு 123).

சரி, லாபம் வந்துவிட்டது. கையில் காசு இருக்குமா? அதுவும் நிச்சயமில்லை. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெராவின்படி, வீடு வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70% அந்தந்தத் திட்டத்தின் தனி வங்கிக் கணக்குக்குப் போக வேண்டும். இன்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூவரும் சான்று கொடுத்தால், முடிந்த வேலையின் அளவுக்குத்தான் அதிலிருந்து எடுக்கலாம். அதுவும் நிலத்துக்கும் கட்டுமானத்துக்கும் மட்டுமே. அலுவலகச் செலவு, விளம்பரம், அடுத்த நிலத்துக்கு அட்வான்ஸ் எல்லாம் மீதியைப் பிய்த்துக்கொள்ளும்.

ஆகவே ஆண்டறிக்கையில் லாப நஷ்டக் கணக்கோடு நிறுத்தாமல், கேஷ் ஃப்ளோ பக்கத்துக்குப் போங்கள். உதாரணத்துக்கு, லாபம் 100 கோடி. நிலமும் பாதி கட்டிய வீடுகளும் சேர்ந்த சரக்கிருப்பு 140 கோடி கூடியிருக்கிறது. வாங்குபவர்களின் அட்வான்ஸ் 60 கோடி கூடியிருக்கிறது. மற்றதை விட்டுவிட்டால், தொழிலில் வந்த பணம் 20 கோடிதான். இதில் 25 கோடி டிவிடெண்ட் அறிவித்தால் 5 கோடிக்குக் கடன் வாங்கியாக வேண்டும். ஒரு வருடக் கணக்கை மட்டும் பார்த்து முடிவுகட்டாதீர்கள். பெரிய நிலம் வாங்கிய வருடம் மோசமாகவும், பெரிய திட்டம் முடிந்த வருடம் அமோகமாகவும் தெரியும். 5 வருடத்தைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டலும் மைனஸில் இருந்து, கடனும் ஏறி, டிவிடெண்டும் தவறாமல் வந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கோத்ரெஜ் பிராப்பர்ட்டீஸ் பல வருடங்களாக டிவிடெண்ட் கொடுக்கவில்லை. 2024 கடைசியில் நிறுவன முதலீட்டாளர்களுக்குப் புதுப் பங்குகளை விற்று 6,000 கோடி திரட்டியது. இப்படி வளர நினைக்கும் நிறுவனம் ஒரு கையால் டிவிடெண்ட் கொடுத்து மறு கையால் பணம் கேட்பதைவிட, கொடுக்காமலிருப்பதே நேர்மை.

டி.எல்.எஃப். 300% டிவிடெண்ட் கொடுத்ததாமே! ஓய்வு வருமானத்துக்கு வாங்கலாமா?
- வாசகர், நாகர்கோவில்

300% என்பது முக மதிப்பில், அதாவது பங்குக்கு நிறுவனம் குறித்த அடிப்படை விலையில்; சந்தை விலையில் அல்ல. 2024-25க்கு அவர்கள் கொடுத்தது பங்குக்கு 6 ரூபாய். முக மதிப்பு 2 ரூபாய். நீங்கள் 750 ரூபாய்க்கு வாங்கினால் கிடைப்பது 0.8%. சேமிப்புக் கணக்கு வட்டியே இதைத் தாண்டும். அந்த நிறுவனத்துக்காவது அலுவலகக் கட்டடங்களின் வாடகை, டி.எல்.எஃப். சைபர் சிட்டி டெவலப்பர்ஸ் வழியாக வருகிறது. வெறும் வீடு விற்பனையை நம்பும் நிறுவனத்தில் அந்த ஊன்றுகோலும் கிடையாது.

மாத வருமானம் மாதிரி வேண்டுமென்றால் ரெய்ட் யூனிட்டுகளை (வாடகைக் கட்டடங்களை வைத்திருக்கும் முதலீட்டு அறக்கட்டளையின் பங்குகள் மாதிரி) பாருங்கள். பங்கிடத்தக்க பணத்தில் 90%-க்குக் குறையாமல், 6 மாதத்துக்கு ஒரு முறையாவது கொடுத்தாக வேண்டும் என்பது செபி விதி. டெவலப்பருக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் டிவிடெண்ட் கொள்கையை எழுதி இணையதளத்தில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். அதைப் படிக்கும்போது, ‘லாபத்தில் இத்தனை சதவீதம்’ என்று எண் இருக்கிறதா என்று பாருங்கள். ‘சூழ்நிலைக்கேற்ப வாரியம் முடிவு செய்யும்’ என்று மட்டும் இருந்தால், அதை நம்பிக் குடும்ப பட்ஜெட் போடாதீர்கள்.

அமெரிக்காவில் வீடு கட்டி விற்கும் என்.வி.ஆர். நிறுவனப் பங்கு, டிவிடெண்டே தராமல் எப்படி இவ்வளவு விலை போகிறது?
- வாசகர், கோவை

மிஞ்சும் பணத்தில் சொந்தப் பங்கையே சந்தையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறது. வெளியில் உள்ள பங்குகள் குறையக் குறைய ஒரு பங்குக்கான லாபம் ஏறும். இப்படிச் செய்ய முடிவதற்குக் காரணம், நிலத்தில் பணத்தை முடக்காததுதான். மனை விலையில் 10% வரை டெபாசிட் கட்டி, வாங்கும் உரிமையைப் பிடித்து வைக்கும். சந்தை படுத்தால் அந்த டெபாசிட்டோடு நஷ்டம் நிற்கும். நிலத்தைச் சொந்தமாகக் குவித்தவர்கள் 2008-ல் பட்டார்கள். அங்குள்ள இன்னொரு வீடு கட்டும் நிறுவனமான லென்னார் காலாண்டு டிவிடெண்டை 16 சென்டிலிருந்து 4 சென்டாக வெட்டியது. பல்ட்டி என்ற நிறுவனம் அடியோடு நிறுத்தி, 2013-ல்தான் மறுபடி தொடங்கியது.

ரெக்கார்டு தேதியன்றே வாங்கினேன். டிவிடெண்ட் வரவில்லையே?
- வாசகர், திருச்சி

வராது. ரெக்கார்டு தேதியன்று கம்பெனியின் பதிவில் பங்குதாரராக இருப்பவருக்குத்தான் டிவிடெண்ட். டி பிளஸ் 1 முறையில், அன்று வாங்கிய பங்கு மறுநாள்தான் உங்கள் டீமேட்டுக்கு வரும். முந்தைய வர்த்தக நாளிலேயே வாங்கியிருக்க வேண்டும். அதற்காக முந்திக்கொண்டு ஓடவும் வேண்டாம்; எக்ஸ்-டேட் அன்று (அன்று முதல் வாங்குபவருக்கு அந்த டிவிடெண்ட் இல்லை) விலை ஏறக்குறைய டிவிடெண்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

உரிய நேரத்தில் வாங்கியும் வரவில்லையா? அறிவித்த 30 நாளுக்குள் வந்தாக வேண்டும். டீமேட்டில் இணைத்த வங்கிக் கணக்கு மூடப்பட்டிருப்பதே வழக்கமான காரணம். முதலில் புரோக்கரிடம் அதை மாற்றுங்கள். பிறகு கம்பெனியின் பங்குப் பதிவாளருக்கு ஃபோலியோ அல்லது டீமேட் எண்ணோடு மெயில் அனுப்புங்கள். 7 வருடம் கேட்காமல் விட்டால் பணம் ஐ.இ.பி.எஃப். என்ற அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும், தொடர்ந்து 7 வருட டிவிடெண்டை வாங்காமல் விட்டால் பங்கும் போய்விடும். மீட்க ஐ.இ.பி.எஃப்.-5 படிவம் போட்டு அலைய வேண்டும்.

ஒரே கம்பெனியிடமிருந்து வருடத்துக்கு 10,000 ரூபாய்க்கு மேல் போனால் 10% டி.டி.எஸ். பிடிப்பார்கள், பான் சரியாக இல்லாவிட்டால் 20%. பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று அர்த்தமில்லை. 500 ரூபாய் வந்தாலும் ரிட்டர்னில் காட்ட வேண்டும்.