இட்டேரியில் கம்பி வேலி: கையெழுத்துப் போடுவதற்கு முன்

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிராமம். எங்கள் தோட்டத்துச் சாளையிலிருந்து (தோட்டத்து வீடு) பள்ளிக்கூடத்துக்கும் ஊருக்கும் காலங்காலமாக ஒரு இட்டேரி (தோட்டங்களுக்கு இடையே போகும் தடம்) வழியாகத்தான் போய் வருகிறோம். அப்பா காலத்தில் மாட்டுவண்டி, அப்புறம் சைக்கிள். என் மகளும் பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில் அந்த வழியாகத்தான் போனாள். அந்தத் தடத்தை ஒட்டிய தோட்டத்தை வாங்கிய ஒருவர் சென்ற மாதம் கல்லுக்கால் நட்டு, கம்பி கட்டி, கேட்டைப் பூட்டிவிட்டார். சுற்றிப் போனால் லாரி ஓடும் மெயின் ரோட்டில் நான்கு கிலோமீட்டர். "என் அனுமதியின் பேரில் போகிறோம் என்று எழுதிக் கொடுங்கள், பகலில் திறந்து விடுகிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். வீட்டில் வேறு யாரும் கையெழுத்துப் போடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்தத் தடம் யாருடைய நிலம் என்று தெரிய வேண்டும்.

கிராம வரைபடம், அந்தப் புல எண்ணின் எஃப்.எம்.பி. (புல அளவு வரைபடம்), 'அ' பதிவேடு (புல எண் வாரியாக நிலத்தின் வகையைச் சொல்லும் வருவாய்த் துறைப் பதிவேடு) மூன்றையும் வாங்குங்கள். தடத்துக்குத் தனிப் புல எண் இருந்து, பதிவேட்டில் பாதைப் புறம்போக்கு என்று இருந்தால் உங்கள் வேலை பாதி முடிந்தது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தாசில்தார் நோட்டீஸ் கொடுத்து வேலியை அகற்றலாம். தாசில்தாருக்கு மனு கொடுத்து, திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும் கொடுத்து, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நடவடிக்கை இல்லையென்றால் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பொது நில ஆக்கிரமிப்புகளுக்குக் கருணை காட்டக் கூடாது என்று ஜக்பால் சிங் வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது.

தடம் அவருடைய பட்டாவுக்குள் இருந்தால்தான் சிக்கல். அப்போதும் வழி இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் (அடுத்தவர் நிலத்தின் வழியே போவது போன்ற உரிமைகளைப் பற்றியது), பிரிவு 15: இருபது ஆண்டுகள் வெளிப்படையாக, சச்சரவின்றி, இடைவிடாமல், உரிமையோடு ஒரு வழியைப் பயன்படுத்தியவருக்கு அந்த வழி சட்டப்படி சொந்தமான பாத்தியமாகிறது (உரிமையாகிறது). 'உரிமையோடு' என்ற இடத்தில்தான் இந்த வழக்குகளில் ஜெயிப்பதும் தோற்பதும். அனுமதி வாங்கிப் போனவருக்கு எத்தனை ஆண்டு போனாலும் பாத்தியம் வராது. அவர் கேட்கும் காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டால், உங்கள் அப்பா காலத்துப் பழக்கமும் தயவில் நடந்தது என்று நாளை கோர்ட்டில் வாதிடுவார்கள். விரும்பும்போது மீண்டும் பூட்டிவிடலாம்.

"என் கிரையப் பத்திரத்திலும் வில்லங்கச் சான்றிலும் தடமே இல்லை" என்பார். இப்படிப் பழக்கத்தால் வரும் பாத்தியத்துக்குப் பதிவு தேவையில்லை. நிலத்தை வாங்குகிறவர் அதையும் சேர்த்தேதான் வாங்குகிறார். ஆனாலும் உங்கள் பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். கொங்குப் பகுதிப் பத்திரங்களில் சக்குபந்திக்கு (நான்கு எல்லை விவரத்துக்கு) கீழே "மாமூல் வண்டித்தடத்தில் ஆள், வண்டி, கால்நடை போகவர பாத்தியம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரி பத்து சாட்சிகளுக்குச் சமம்.

சைக்கிளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவகை வழிப் பாத்தியத்துக்குள் இன்னொரு வகை அடங்காது என்கிறது பிரிவு 28. நடைபாதைப் பாத்தியத்தை வைத்துக்கொண்டு டிராக்டர் ஓட்ட முடியாது. ஆகவே மனுவில் "வழி" என்று மொட்டையாக எழுதாமல் வண்டி, சைக்கிள், நடை என்று பிரித்து எழுதுங்கள். இருபது ஆண்டுக்கு முன்பே அதில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போனவர்களைச் சாட்சியாக வையுங்கள். இன்னொன்று: இந்தப் பாத்தியம் உங்கள் நிலத்தோடு ஒட்டியது. தோட்டம் இல்லாத ஊர்க்காரர்கள் ஊர் வழக்கம் என்று தனியாக நிரூபிக்க வேண்டும்.

குழந்தைகள் லாரிகளுக்கு நடுவே போகிறார்கள் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் மாற்று ரோடு இருப்பதால் 'அவசியப் பாத்தியம்' (வேறு வழியே இல்லாதவருக்குக் கிடைக்கும் உரிமை) என்று கேட்டால் நிற்காது. இடைக்காலத் தடை கேட்கும்போது அந்தக் கவலையைச் சொல்லுங்கள். யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று நீதிபதி பார்க்கும் இடம் அதுதான்.

போலீஸில் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பியிருந்தால் ஆச்சரியமில்லை. தனியார் வழியை, தனக்கு உரிமை உண்டு என்று நல்லெண்ணத்தில் நம்பி மறிப்பது குற்றமாகாது என்று சட்டமே விலக்குக் கொடுக்கிறது. ஆனால் தகராறு அமைதியைக் கெடுக்கும் நிலை இருந்தால், பி.என்.எஸ்.எஸ். (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டம்) பிரிவு 166-இன்படி கோட்டாட்சியர் விசாரித்து மறிப்பை நீக்க உத்தரவிடலாம். அதற்கு, தகவல் அவரிடம் போவதற்கு முந்தைய மூன்று மாதத்துக்குள் நீங்கள் அந்த வழியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். வேலி போட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. இந்த வாரமே மனு கொடுங்கள்.

கூடவே மாவட்ட முன்சீப் கோர்ட்டில் உரிமை விளம்புகை (உங்களுக்குப் பாத்தியம் உண்டு என்று கோர்ட் அறிவிப்பது), நிரந்தரத் தடை, கல்லுக்காலை எடுக்கச் சொல்லும் செயலுறுத்துக் கட்டளை மூன்றும் கேட்டு வழக்குப் போடுங்கள். தடை விழுந்ததை அறிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் இருபது ஆண்டுக் கணக்கு அறுந்துபோகும். ஆத்திரத்தில் கம்பியை வெட்டாதீர்கள்; வழக்கு உங்கள் மேல் திரும்பும்.

பேசி முடிக்க அவர் வந்தால் பேசுங்கள். ஆடுமாடு நுழையாமலிருக்க, பூட்டில்லாத கேட் அவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எழுதும் ஒப்பந்தத்தில் உங்கள் பாத்தியத்தை அவர் ஏற்றுக்கொள்வதாக வாசகம் வேண்டும். தடத்தின் அகலம், புல எண், சைக்கிள், வண்டி எல்லாம் குறித்து, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.