மானிட்டர் கத்துகிறது, கன்சோல் 'சேஃப்' என்கிறது: எதை நம்புவது?

கேள்வி: எங்கள் பிராக்கிதெரபி (கதிரியக்க சோர்ஸை நோயாளியின் உடலுக்குள் அனுப்பித் தரும் சிகிச்சை) அறையில் சிகிச்சை முடிந்து கதவைத் திறந்த பிறகும் சில நாள் ஜோன் மானிட்டரில் (அறையின் கதிர்வீச்சைக் காட்டும் சுவர்க் கருவி) சிவப்பு விளக்கு எரிகிறது. இயந்திரத்தை இயக்கும் கன்சோல், சோர்ஸ் பெட்டிக்குள் போய்விட்டதாகக் காட்டுகிறது. "அது அப்படித்தான் கத்தும், விடு" என்கிறார் சீனியர். எல்லோரும் டிஎல்டி பேட்ஜ் (நம்மேல் பட்ட கதிர்வீச்சைப் பதிவு செய்யும் அட்டை) போட்டிருக்கிறோம். பயப்பட வேண்டுமா?

பதில்: விடக்கூடாது. சர்வே மீட்டரால் (கையில் எடுத்துச் செல்லும் கதிர்வீச்சு அளவி) அளந்து பார்க்கும்வரை, மானிட்டர் சொல்வதே உண்மை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கன்சோல் முக்கியமாகக் கணக்கு வைப்பது சோர்ஸைத் தாங்கும் கம்பி எவ்வளவு தூரம் போய் வந்தது என்பதை. நுனியிலிருக்கும் இரிடியம்-192 அறுந்து நோயாளிக்குள் தங்கிவிட்டால், வெறும் கம்பி பெட்டிக்குத் திரும்பிவிடும். 1992 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், இந்தியானா என்ற ஊரில் இதுதான் நடந்தது. சுவரிலிருந்த மானிட்டர் எச்சரித்தது. கன்சோல் 'சேஃப்' என்றது. ஏற்கெனவே பொய் அலாரம் பார்த்துப் பழகியவர்கள் கன்சோலை நம்பினார்கள். கையில் மீட்டர் இருந்தும் நோயாளியை அளக்கவில்லை. அந்த மூதாட்டி முதியோர் இல்லத்துக்குத் திரும்பி, சில நாட்களில் இறந்தார். சோர்ஸ் மருத்துவக் கழிவோடு போய், கழிவு நிறுவனத்தின் அலாரத்தில்தான் சிக்கியது. இடையில் 90 பேருக்கு மேல் கதிர்வீச்சு பட்டிருந்தது.

பேட்ஜ் பற்றி: அது மூன்று மாதம் கழித்துக் கணக்குச் சொல்லும், அந்த நிமிடத்தில் எதுவும் சொல்லாது. எச்சரிக்கை வேண்டுமென்றால் சத்தம் போடும் பாக்கெட் டோசிமீட்டர் கேளுங்கள்.

புதிய 10 கியூரி சோர்ஸிலிருந்து 1 மீட்டரில் மணிக்கு சுமார் 40 மில்லிசீவர்ட் வரும். நமக்கு ஏஇஆர்பி (அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) வைத்திருக்கும் வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். அரை மணி நேரம் நின்றால் அது தீர்ந்துவிடும். ஆனால் ஒரு நிமிடம் என்றால் 1 மில்லிசீவர்ட்டுக்கும் கீழேதான். நோயாளியின் நிலைமை வேறு: சோர்ஸிலிருந்து 1 சென்டிமீட்டரில் உள்ள திசு நிமிடத்துக்கு 6 கிரேக்கு (சுமார் 6000 மில்லிசீவர்ட்) மேல் வாங்குகிறது. அதனால் பயந்து வெளியே நிற்பதும் தவறு.

முதலில் கன்சோலில் எமர்ஜென்சி ஸ்டாப். அடங்கவில்லையா, மீட்டரை வெளியிலேயே ஆன் செய்து, கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போங்கள். உள்ளே போய் ஆன் செய்தால், சில ஜிஎம் (கைகர்-முல்லர்) மீட்டர்கள் அதிகக் கதிர்வீச்சில் திணறி பூஜ்யம் காட்டிவிடும். இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிக் கம்பியை இழுங்கள். வரவில்லை என்றால் அப்ளிகேட்டரை (சோர்ஸ் போய்வர நோயாளிக்குள் வைத்த குழாய்) அப்படியே எடுத்து ஈயக் கன்டெய்னரில் போடுங்கள். அதை எடுப்பது மருத்துவர் வேலை; தையல் போட்டிருந்தால் கத்தரிக்கோல் பக்கத்தில் இருக்கட்டும். நோயாளியை வெளியே கொண்டுவந்து மறுபடி அளங்கள். கோபால்ட் இயந்திரத்தில் இதே இடத்தில் டி-ராட் (சோர்ஸைக் கையால் உள்ளே தள்ளும் கம்பி) வரும். மின்சாரத்தால் கதிர் உண்டாக்கும் லீனாக்கில் மின்சாரத்தை நிறுத்தினால் கதிர் நின்றுவிடும், இந்தத் தலைவலி இல்லை.

அப்புறம், உங்கள் மானிட்டர் உண்மையிலேயே பொய் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பேட்டரி, கேபிள், அளவுத்திருத்தத் தேதியைப் பாருங்கள். அன்று காலை எலும்பு ஸ்கேனுக்குக் கதிரியக்க ஊசி போட்ட நோயாளி வந்தாலும் அது கத்தும், அது பொய்யும் இல்லை. ஒவ்வொரு அலாரத்தையும் நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, ஆர்எஸ்ஓவிடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) கையெழுத்து வாங்குங்கள். பழுது சரியாகி, செக் சோர்ஸ் (சோதனைக்கான சிறிய கதிரியக்கப் பொருள்) வைத்துச் சோதித்த பிறகு அடுத்த நோயாளியை ஏற்றுங்கள்.