இட்லி சாப்பிட்டுவிட்டு நடந்தால் கொழுப்பு கரையாதா? தசை எதைப் பார்த்துக் கொழுப்பை எரிக்கிறது?

கரையும். சாப்பிட்ட உடனே நடந்தால் சர்க்கரை முந்திக்கொள்ளும், அவ்வளவுதான்.

நான் மன்னார்குடிப் பக்கம், கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். இதையே அப்பாவும் கேட்டார். நடவு, அறுவடை எல்லாம் மிஷினுக்குப் போனபின் அவருக்கு வயல் வேலை குறைந்தது. வயிறு போட்டது, சர்க்கரையும் வந்தது.

தசைச் செல்லில் கொழுப்பு எரியும் இடம் மைட்டோகாண்ட்ரியா. நீளமான கொழுப்பு அமிலம் தானாக அதற்குள் போகாது. சிபிடி-1 என்ற நொதி அதைக் கார்னிடின் என்ற சுமைதூக்கி மூலக்கூறோடு கோத்துவிட்டால்தான் போகும். அந்த வாசலை அப்பாவிடம் மதகு என்று சொன்னேன். அந்த மதகின் ஷட்டரை இறக்குவது மலோனைல் கோ-ஏ என்ற சின்ன மூலக்கூறு. 1977-ல் மெக்காரி, ஃபாஸ்டர் என்ற ஆய்வாளர்கள் கல்லீரலில் இதைக் கண்டார்கள். தசையிலும் இதே ஏற்பாடுதான்.

நாலு இட்லி உள்ளே போனால் இன்சுலின் ஏறும், தசைக்குள் குளுக்கோஸ் வரும், மலோனைல் கோ-ஏ கூடும். ஷட்டர் இறங்கிவிடும். நடக்க ஆரம்பித்ததும் செல்லுக்குச் சக்தி தரும் ஏடிபி செலவாகி, அதன் மிச்சமான ஏஎம்பி சேர்கிறது. அதை மோப்பம் பிடிக்கும் ஏஎம்பிகே என்ற நொதி, மலோனைல் கோ-ஏ தயாரிக்கும் நொதியை அடக்கிவிடும். ஷட்டர் மறுபடி ஏறும்.

"ஓடினா இன்னும் நல்லாத் தொறக்குமாப்பா?" என்றார் அப்பா.

அதுதான் இல்லை. மூச்சிரைக்க ஓடும்போது சர்க்கரை மளமளவென்று உடைந்து அசிட்டைல் துண்டுகள் குவியும். கார்னிடின் அவற்றோடு ஒட்டிக்கொள்வதால் கொழுப்பை ஏற்றிப்போக ஆள் போதாது. கொழுப்பு அதிகம் எரிவது மிதமான வேகத்தில். இதைக் கேட்டுவிட்டுக் கார்னிடின் பவுடர் வாங்காதீர்கள். வெறுமனே விழுங்கினால் அது தசையில் பெரிதாக ஏறுவதில்லை.

வெறும் வயிற்றில் நடந்தால் அந்த நேரத்துக்குக் கொழுப்பு கூடுதலாக எரியும், உண்மைதான். ஆனால் உடம்பு இளைப்பது நாள் முழுக்கச் சாப்பிட்டதையும் செலவழித்ததையும் பொறுத்தது. அப்பா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் வயிற்றில் நடந்து சர்க்கரை இறங்கிவிட்டால் ஆபத்து, அதனால் டாக்டரைக் கேட்டுத்தான் நேரம் வைத்தோம்.

விடாமல் நடந்தால் மைட்டோகாண்ட்ரியாவே பெருகும். 1967-ல் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ஓடவிட்டு இதைக் காட்டினார். எனக்கு மிகவும் நம்பிக்கை தருவது இதுதான், ஏனென்றால் மதகுகளே கூடுகின்றன.

இப்போது இரண்டு பேரும் பாமணியாற்றங்கரையில் முக்கால் மணி நேரம் நடக்கிறோம். மூச்சிரைத்து அப்பா பேச்சை நிறுத்திவிட்டால் நான் வேகத்தைக் குறைத்துவிடுவேன்.