விழும் விதம் பார்த்து வாங்க வேண்டிய கவசங்கள்
வாசகர் கேள்வி – பதில்: பனிச்சறுக்குப் பாதுகாப்பு

கேள்வி: என் மகனுக்கு 14 வயது, பள்ளியின் குளிர்கால முகாமில் ஸ்னோபோர்டு பழகப் போகிறான். மகளுக்கு 16 வயது. ஸ்கீ நன்றாகத் தெரியும், இப்போது குதிப்பதும் கம்பிமேல் சறுக்குவதுமாக ஃப்ரீஸ்டைல் பக்கம் திரும்பியிருக்கிறாள். கடையில் தோள், மார்பு, முழங்கை, முதுகு எல்லாம் சேர்த்துத் தைத்த கவசச் சட்டை ஒன்றைக் காட்டி, இருவருக்கும் இதுவே போதும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஒரு தாய், வின்டர்தூர், சுவிட்சர்லாந்து)

பதில்: இருவருக்குமே அந்தச் சட்டை முதலில் வாங்க வேண்டிய பொருள் அன்று. உடம்பில் எவ்வளவு இடத்தை மூடுகிறது என்று பார்த்து வாங்குவதைவிட, அவரவர் எப்படி விழுவார்கள் என்று பார்த்து வாங்குவதே சரி.

ஸ்னோபோர்டில் இரண்டு கால்களும் ஒரே பலகையில் பூட்டப்பட்டிருப்பதால், பலகையின் விளிம்பு எதிர்பாராமல் பனியில் சிக்கிக்கொண்டால் ஒரு காலை எடுத்து வைத்துச் சமாளிக்க வழியே இல்லை. முன்னால் விழுந்தால் உள்ளங்கையும் முழங்காலும், பின்னால் விழுந்தால் உள்ளங்கையும் வால் எலும்பும் பின்மண்டையும் தரையில் மோதுகின்றன. புதிதாகப் பழகுகிறவர்களிடம் மணிக்கட்டு முறிவு அதிகம் காணப்படுவது இதனால்தான். ஆகவே மகனுக்கு ஹெல்மெட், மணிக்கட்டுக் காப்பு, இடுப்பிலும் வால் எலும்புப் பகுதியிலும் பஞ்சு வைத்த உள் அரைக்கால்சட்டை ஆகிய மூன்றையும் வாங்குங்கள். பணம் மிஞ்சினால் மெல்லிய முழங்கால் பட்டை வாங்கலாம். பனியில் மண்டியிட்டு உட்கார்வதற்காவது உதவும்.

மணிக்கட்டுக் காப்பைக் கையில் எடுத்துப் பார்த்தே வாங்க வேண்டும். உள்ளங்கைப் பக்கமும் புறங்கைப் பக்கமும் விறைப்பான தகடுகள் இருக்கின்றனவா, அவை முன்கையில் போதிய தூரம் ஏறி வருகின்றனவா என்று பாருங்கள். மிகக் குட்டையாகவும் சற்றும் வளையாமலும் இருக்கும் தகடு, விழும்போது வரும் விசையைத் தன் முனை முடியும் இடத்தில் முன்கை எலும்பின்மேல் குவித்துவிடக்கூடும். சற்றே வளைந்து கொடுத்து, கை பின்னோக்கி முழுவதும் மடங்காமல் தடுப்பதே நல்லது. ஸ்னோபோர்டு மணிக்கட்டுக் காப்புக்கென்றே 2020இல் ஐஎஸ்ஓ 20320 என்ற தரநிலை வெளிவந்திருக்கிறது. அந்த எண் சீட்டில் இருந்தால் தயங்காமல் எடுங்கள். வீட்டில் கிடக்கும் ரோலர் ஸ்கேட் காப்பைக் கொடுத்து அனுப்ப வேண்டாம். அதன் உள்ளங்கைப் பகுதியிலுள்ள பருத்த பிளாஸ்டிக், தார்ச்சாலையில் வழுக்கிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. கையுறைக்குள் நுழையவும் நுழையாது. மகனின் பனிக்கையுறையைக் கடைக்கே கொண்டுபோய், காப்பின்மேல் அதை மாட்டிப் பார்த்து, பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பைண்டிங்கின் பட்டையை இழுத்துக் கட்டும் அளவுக்கு விரல்கள் மடங்குகின்றனவா என்று சோதித்துவிடுங்கள். அங்கே சிரமப்பட்டால், முகாமின் இரண்டாம் நாளே அது பைக்குள் போய்விடும்; பதினான்கு வயதுப் பிள்ளைகளின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல.

மகளின் கதை வேறு. ஸ்கீயில் கால்கள் தனித்தனியே இருப்பதால் ஒரு கால் ஒரு திசையில் முறுக்கிக்கொண்டு போகும். அடி வாங்குவது முழங்காலின் உள்ளேயிருக்கும் தசைநார். கைத்தடியைப் பிடித்தபடியே விழும்போது கட்டைவிரலின் அடித் தசைநாரும் கிழிவதுண்டு. எந்த முழங்கால் பட்டையும் இந்த முறுக்கலைத் தடுக்காது. தடுக்கக்கூடியது, சரியான நேரத்தில் பூட்ஸை விடுவிக்கும் பைண்டிங்தான். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிப்பாகத்தின் நீளம், சறுக்கும் விதம் ஆகியவற்றைக் கணக்கிட்டுப் பயிற்சி பெற்ற பணியாளர் அதைச் சரிசெய்ய வேண்டும். குதிக்கும்போது ஸ்கீ கழன்றுவிடுகிறது என்று தோழிகள் சொல்வதைக் கேட்டுத் தானே திருகாணியை இறுக்கும் பழக்கம் ஃப்ரீஸ்டைல் பிள்ளைகளிடம் உண்டு; அதை மட்டும் அனுமதிக்காதீர்கள். மேலேறிச் சறுக்குவதற்காகப் பனியில் வைத்திருக்கும் கம்பி, பெட்டி ஆகியவற்றின் விளிம்பில் முதுகோ இடுப்போ மோதும் வாய்ப்பு அவளுக்கு இருப்பதால், ஹெல்மெட்டுக்கு அடுத்தபடியாக முதுகுக் காப்பும் அதே உள் அரைக்கால்சட்டையும் பொருத்தமானவை.

கேள்வி: முதுகுக் காப்பின் சீட்டில் மோட்டார் சைக்கிள் படமும் 1, 2 என்ற எண்களும் இருக்கின்றன. அவற்றுக்கு என்ன பொருள்? கெட்டித் தகடு நல்லதா, மென்மையான வகை நல்லதா? (ஒரு மாணவர், மியூனிக்)

பதில்: ஸ்கீ கடைகளில் விற்கும் முதுகுக் காப்புகளில் பெரும்பாலானவை மோட்டார் சைக்கிள் ஓட்டிகளுக்காக எழுதப்பட்ட இஎன் 1621-2 என்ற ஐரோப்பியத் தரநிலையின்படியே சோதிக்கப்படுகின்றன. காப்பின்மேல் 50 ஜூல் ஆற்றலுடன், அதாவது 5 கிலோ எடை ஏறக்குறைய 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில், ஓர் எடையை மோதவிட்டு மறுபுறம் எவ்வளவு விசை வருகிறது என்று அளக்கிறார்கள். சராசரி 18 கிலோநியூட்டனுக்கு மிகாமல் இருந்தால் நிலை 1. 9 கிலோநியூட்டனுக்கு மிகாமல் இருந்தால் நிலை 2. வித்தியாசம் இரு மடங்கு என்பதால், நிலை 2 காப்பு உங்களுக்கு உடலோடு பொருந்துமானால் அதையே எடுங்கள்.

மென்மையான வகை, தண்ணீரில் குழைத்த சோளமாவைப் போல, மெல்ல அழுத்தினால் இளகியும் திடீரென அடித்தால் இறுகியும் நடந்துகொள்ளும் பொருளால் ஆனது. ஆரஞ்சு நிறத்தில் வரும் டி3ஓ இவ்வகையில் பெயர்பெற்றது. 2006 டூரின் குளிர்கால ஒலிம்பிக்கிலேயே ஸ்கீ வீரர்கள் சிலரின் உடைகளில் அது இடம்பெற்றிருந்தது. குனிந்து நிமிரும் ஃப்ரீஸ்டைலுக்கு இந்த வகை இதமானது. ஆனால் குளிரில் இறுகும் இயல்பு இதற்கு உண்டு. சீட்டில் டி என்ற எழுத்தோடு கழித்தல் குறி இருந்தால் மைனஸ் 10 டிகிரியிலும் சோதிக்கப்பட்டது என்று பொருள். இரவெல்லாம் காரின் டிக்கியில் போட்டு வைக்காமல், அறைக்குள் வைத்து, உடல் சூடு படும்படி ஜாக்கெட்டுக்கு உள்ளே அணியுங்கள். கெட்டித் தகடு, கூரான பொருள் குத்துவதை நன்றாகத் தடுக்கும். ஆனால் உடலோடு வளையாது.

அளவை உயரம் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், தோளிலிருந்து இடுப்பு வரையிலான நீளத்தை அளந்து பாருங்கள். அணிந்துகொண்டு ஹெல்மெட்டுடன் குந்தி உட்கார்ந்து நிமிர்ந்து பார்க்கும்போது காப்பின் மேல்முனை ஹெல்மெட்டைத் தள்ளினால் அது நீளம் அதிகம். வளரும் பிள்ளைக்கு இரண்டு ஆண்டு வரட்டும் என்று பெரிதாக வாங்கினால், விழும்போது காப்பு முதுகில் இருக்காது, பக்கவாட்டில் போயிருக்கும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குதித்துத் தட்டையான பனியில் பிட்டம் படும்படி இறங்கினால் முதுகெலும்பு மேலிருந்து கீழாக நசுங்குகிறது. அந்த விசை காப்பைத் தொடுவதே இல்லை. காப்பு நேரடி அடிக்கு மட்டுமே அரண். உலகக் கோப்பை டவுன்ஹில் பந்தயங்களில் 2024-25 பருவம் முதல் கட்டாயமாக்கப்பட்ட காற்றுப்பை உடை இதற்கு உதவுமா என்று கேட்கத் தோன்றலாம். அது வேகப் பந்தயத்தில் நிலைகுலைவதைக் கண்டறியும்படி அமைந்தது; தலைகீழாகச் சுழல்வதே ஆட்டமாக இருக்கும் இடத்திற்கு உரியதன்று.

கேள்வி: குல்மார்க்கில் ஸ்னோபோர்டு அடிப்படைப் பயிற்சிக்குப் போகிறேன். என்னிடம் பைக் ஓட்டும் ஹெல்மெட்டும் முதுகுக் காப்பும் இருக்கின்றன. அவையே போதுமா? (ஓர் இளைஞர், சென்னை)

பதில்: முதுகுக் காப்பு போதும். ஆனால் பைக் ஹெல்மெட் வேண்டாம், பனிச்சறுக்கு ஹெல்மெட்டே வேண்டும்; பைக் ஹெல்மெட் கனமானது, காது கேட்கவிடாது, பக்கவாட்டுப் பார்வையையும் குறைக்கும். பலகையும் பூட்ஸும் அங்கே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மணிக்கட்டுக் காப்பையும் உள் அரைக்கால்சட்டையையும் உங்கள் அளவுக்கு முன்பே வாங்கிக் கொண்டு போங்கள்.

கேள்வி: கனடாவின் ஃப்ரீஸ்டைல் ஸ்கீ வீராங்கனை சாரா பர்க் ஹெல்மெட் அணிந்திருந்தும் இறந்துபோனாரே. பிறகு அதனால் என்ன பயன்? நண்பர் ஒருவர் தம் பழைய ஹெல்மெட்டைத் தருகிறார், வாங்கிக்கொள்ளலாமா? (ஒரு வாசகர், டொரண்டோ)

பதில்: 2012 ஜனவரியில் அமெரிக்காவின் பார்க் சிட்டியில், அரைக்குழாய் வடிவப் பனித்தளத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது விழுந்த சாரா பர்க்குக்குக் கழுத்திலுள்ள முதுகெலும்புத் தமனி கிழிந்தது, ஒன்பது நாள் கழித்து அவர் இறந்தார். அவர் போராடி ஒலிம்பிக்கில் இடம் பெற்றுத் தந்த அரைக்குழாய் ஸ்கீ போட்டி 2014இல் சோச்சியில் நடந்தது. கழுத்து முறுக்கலை ஹெல்மெட் தடுப்பதில்லை. அது காப்பது மண்டையை. அதற்கும் எல்லை உண்டு. ஐரோப்பியத் தரநிலையான இஎன் 1077இல் ஹெல்மெட்டை 1.5 மீட்டர் உயரத்திலிருந்து போட்டுச் சோதிக்கிறார்கள். தரையில் மோதும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர்தான். ஒலிம்பிக் அரைக்குழாயின் சுவரோ ஏறத்தாழ 6.7 மீட்டர் உயரம். ஆனால் உங்களைப் போன்றவர்கள் விழுவது பெரும்பாலும் நின்ற உயரத்திலிருந்து, சொந்தத் தலை தரையில் மோதும்படி. அந்த அடிக்கு ஹெல்மெட் நன்றாகவே வேலை செய்கிறது.

அதே தரநிலையில் ஏ வகை ஹெல்மெட் காதுகளையும் கெட்டியான ஓட்டால் மூடும். பி வகையில் காதுப் பகுதி துணியாக இருப்பதால் ஓசை தெளிவாகக் கேட்கும், காற்றோட்டமும் அதிகம். பொழுதுபோக்காகச் சறுக்குகிறவருக்கு பி வகை போதும்.

நண்பரின் ஹெல்மெட்டை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளேயிருக்கும் நுரைப்பொருள் பலத்த அடி ஒன்றைத் தாங்கி நசுங்கியிருந்தாலும் வெளி ஓட்டில் அடையாளம் தெரியாமல் இருக்கலாம். அது எத்தனை முறை விழுந்தது என்று நண்பருக்கே நினைவிருக்காது. புதியதை வாங்கும்போது தாடைப் பட்டையைப் பூட்டாமல் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தனியாக ஆடாமல், நெற்றித் தோலையும் சேர்த்து நகர்த்தினால் அளவு சரி. பனிக்கண்ணாடியையும் கையோடு கொண்டுபோய், இரண்டுக்கும் நடுவே நெற்றி வெளியே தெரியாதபடி பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.