எந்த ஃபைலைக் கொடுத்தால் டிவிடி ஒழுங்காக வரும்?

கேள்வி: மகளின் சாமத்திய வீட்டு வீடியோவை டிவிடியாக அடித்து கனடாவில் இருக்கும் அக்காவுக்கும் பாரிஸில் இருக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்ப வேண்டும். கமராக்காரர் பென் டிரைவில் எம்டிஎஸ் ஃபைல்களும், எடிட் செய்த எம்பி4 ஒன்றும் தந்திருக்கிறார். டிவிடி செய்யும் மென்பொருள் இரண்டையுமே ஏற்றுக்கொள்கிறது. எதைப் போடுவது?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: மென்பொருள் ஏற்றுக்கொள்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த மென்பொருள்கள் எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும், வாங்கிய பிறகு உள்ளே அதை எம்பெக்-2 ஆக மாற்றும். டிவிடி பிளேயருக்கு விளங்கும் வீடியோ அதுதான். படத்தின் அளவு 720க்கு 576 அல்லது 720க்கு 480, வீடியோவின் வேகம் வினாடிக்கு 9.8 மெகாபிட்டுக்கு மேல் போகக்கூடாது, ஒலியின் மாதிரி வேகம் 48 கிலோஹெர்ட்ஸ். இதற்குள் அடங்காத எந்த ஃபைலும் ஒரு முறையாவது மாற்றப்பட்டே ஆகவேண்டும், ஒவ்வொரு மாற்றத்திலும் படத்தில் கொஞ்சம் போய்விடும். ஆகவே மாற்றங்களைக் குறைப்பதுதான் நாங்கள் பார்க்கவேண்டிய வேலை.

உங்கள் எம்டிஎஸ், கமராவிலிருந்து நேரே வந்த மூலம். எம்பி4 அதிலிருந்து எடிட் செய்து ஒரு தரம் சுருக்கியது, அதையே டிவிடிக்குக் கொடுத்தால் இரண்டாம் தரமும் சுருங்கும். எடிட் செய்த கொப்பிதான் வேண்டுமென்றால் (பாட்டு, பெயர் எல்லாம் போட்டிருப்பார், அதுதானே வேண்டும்) கமராக்காரரிடம் திரும்பப் போய், எடிட்டிங் புரொஜெக்டிலிருந்தே டிவிடிக்கான எம்பெக்-2 ஆக எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீடியோ தனியாக எம்2வி ஃபைல், ஒலி தனியாக ஏசி-3 (சுருக்கிய ஒலி) அல்லது வேவ் (சுருக்காத ஒலி) ஃபைல் என்று வரும். அதைப் போட்டால் டிவிடி மென்பொருள் திரும்ப மாற்றாமல் அப்படியே அடுக்கும். அடோபி என்கோர் பாவிப்பவர்கள் அந்த ஃபைலுக்குப் பக்கத்தில் ‘டோன்ட் டிரான்ஸ்கோட்’ (மாற்றாதே) என்று காட்டுகிறதா என்று பார்க்கலாம், இலவசமாகக் கிடைக்கும் டிவிடி ஸ்டைலரில் வீடியோ ஃபோர்மட் என்ற இடத்தில் ‘கொப்பி’ என்று தெரிவு செய்யலாம். புரொஜெக்டை அழித்துவிட்டார் என்றால் எம்பி4ஐயே போடுங்கள், வேறு வழியில்லை. ஆனால் இடையில் இன்னொரு கன்வெர்ட்டரில் போட்டு ஏவிஐ ஆக்கிவிட்டுக் கொடுக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது, அது வேண்டவே வேண்டாம்.

அடுத்தது கனடா. இலங்கையும் பிரான்ஸும் டிவிடியில் பிஏஎல் முறை, வினாடிக்கு 25 படம். கனடா என்டிஎஸ்சி, வினாடிக்கு 29.97. எங்கள் பக்கத்துப் பிளேயர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஓட்டும், வட அமெரிக்காவில் விற்ற பிளேயர்கள் பல பிஏஎல் டிஸ்க்கை ஓட்டாது. அக்காவுக்கு என்டிஎஸ்சியில் தனியாக ஒன்று அடியுங்கள், சித்தப்பாவுக்கும் உங்களுக்கும் பிஏஎல். ‘எல்லாருக்கும் என்டிஎஸ்சியே அடித்தால் ஒரே வேலையாகப் போகுமே’ என்று சிலர் செய்கிறார்கள். ஓடும்தான், ஆனால் 25 படத்தை 29.97 ஆக இழுக்கும்போது கமரா மெதுவாகத் திரும்பும் இடங்களில் படம் விட்டுவிட்டு நகரும். ஆராத்தி எடுக்கும் இடத்தில் தட்டு சுற்றுவதைப் பாருங்கள், உடனே தெரியும். இன்னொன்று, ரீஜன் கோட் (டிஸ்க் எந்தெந்த நாடுகளில் ஓடலாம் என்ற பூட்டு) என்பது வேறு விஷயம். அதை எல்லா நாட்டுக்கும் என்று விட்டாலும் பிஏஎல் டிஸ்க் என்டிஎஸ்சி ஆகிவிடாது.

கேள்வி: மகளின் பரதநாட்டிய அரங்கேற்றம் இரண்டரை மணித்தியாலம். பாட்டு, மிருதங்கம், வயலின் எல்லாம் மிக்ஸரிலிருந்து வேவ் ஃபைலாகத் தனியாகப் பதிந்தோம். அதை எம்பி3 ஆக்கித்தான் டிவிடியில் சேர்க்க வேண்டும் என்கிறார்கள். சரியா?
– வாசகி ஒருவர், இணுவில்

பதில்: சரியில்லை. அந்த வேவ் ஃபைலைப் பத்திரமாக வைத்திருங்கள், எம்பி3 பக்கமே போகவேண்டாம். டிவிடி வீடியோவின் ஒலிக்கு எம்பி3 இடமே இல்லை. நீங்கள் எம்பி3 கொடுத்தால் மென்பொருள் அதைத் திரும்ப ஏசி-3 ஆக்கும், இரண்டு தரம் சுருங்கிய ஒலியில் முதலில் அடிபடுவது தாளமும் சலங்கையும்தான்.

உங்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று, வேவை அப்படியே பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆகப் போடுவது. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோ என்றால் அது மட்டுமே வினாடிக்கு 1.5 மெகாபிட் எடுக்கும். இரண்டாவது, ஏசி-3 ஆக்குவது, 256 கிலோபிட் கொடுத்தாலே நன்றாக இருக்கும். எதை எடுப்பது என்பதை நேரம்தான் சொல்லும். சாதாரண 4.7 ஜிபி டிஸ்க்குக்கு ஒரு கணக்கு இருக்கிறது: 600ஐ மொத்த நிமிடத்தால் பிரித்தால் வினாடிக்கு எத்தனை மெகாபிட் கிடைக்கும் என்று வரும், படமும் ஒலியும் சேர்த்து. உங்கள் 150 நிமிடத்துக்கு 4. அதில் பிசிஎம் 1.5ஐ எடுத்துவிட்டால் படத்துக்கு மிஞ்சுவது இரண்டரை. பட்டுப்பாவாடை விசிறி விரியும் இடத்தில், அடவு வேகமாகப் போகும் இடத்தில், படம் சதுரம் சதுரமாக உடையும். இவ்வளவு செலவழித்துச் செய்த அரங்கேற்றத்தை அப்படிப் பார்க்க மனம் வராது.

நான் சொல்வது இரண்டு டிஸ்க். அலாரிப்பிலிருந்து வர்ணம் முடிய ஒன்று, பதத்திலிருந்து தில்லானா, மங்களம் வரை மற்றது. எழுபத்தைந்து நிமிடம் என்றால் 8 மெகாபிட் கிடைக்கும், பிசிஎம் போட்டாலும் படத்துக்கு ஆறுக்கு மேல் இருக்கும். இரண்டு பாதியும் சரிசமமாக வராது, வர்ணம் நீளும், அதனால் முதல் டிஸ்க்கின் கணக்கை அதன் நிமிடத்துக்குத் தனியாகப் பாருங்கள். ஒவ்வொரு உருப்படியின் தொடக்கத்திலும் ஒரு சப்டர் வையுங்கள், பிள்ளையின் ஆசிரியை வர்ணத்தை மட்டும் பார்க்க நினைத்தால் தேடிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இரட்டை அடுக்கு 8.5 ஜிபி டிஸ்க்கில் எல்லாம் ஒன்றாக அடங்கும், ஆனால் பழைய பிளேயர்கள் சில அதை வாசிக்கத் திணறும், வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் நான் அதை நம்பமாட்டேன்.

ஒரே டிஸ்க்தான் என்று நின்றால் ஏசி-3. அப்போது ஒரு விஷயத்தை மறக்காதீர்கள். ஏசி-3 ஆக்கும் இடத்தில் டயலாக் நோர்மலைசேஷன் என்று ஒரு எண் இருக்கும், பெரும்பாலும் -27 என்று நிற்கும். அதை -31 ஆக்குங்கள், இல்லாவிட்டால் ஒலி 4 டெசிபெல் குறைந்து ‘சத்தம் காணாது’ என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்குப் பக்கத்தில் கம்ப்ரெஷனுக்கு ஏதோ சினிமா வகை தெரிவாகி இருந்தால் ‘நன்’ (None, ஒன்றுமில்லை) என்று மாற்றிவிடுங்கள். அது சினிமா வசனத்துக்காக வைத்த ஏற்பாடு, ஜதியில் மிருதங்கம் ஓங்கி விழும் இடங்களை அமுக்கிவிடும். பிஏஎல் டிவிடிகளில் எம்பி2 ஒலியும் போடலாம், ஆனால் டிஸ்க் கனடாவுக்கும் போகக்கூடும் என்றால் ஏசி-3யோடு நில்லுங்கள்.

கேள்வி: கோயில் திருவிழாவை நாலைந்து பேர் போனில் எடுத்தோம், கொஞ்சம் வாட்ஸ்அப்பில் வந்தவை. டிவிடி அடித்தால் தொடக்கத்தில் நன்றாக இருக்கிறது, போகப்போக தவில் சத்தம் ஒரு பக்கம், அடிக்கிறவரின் கை ஒரு பக்கம்.
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: போன்கள் ஒரே வேகத்தில் படம் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால் வினாடிக்கு 30 படம் என்பது 27, 24 என்று இறங்கி ஏறும். டிவிடி மென்பொருள் சீரான வேகம் என்று நினைத்துக் கணக்குப் போடும், அதனால் ஒலி மெல்ல மெல்ல விலகும். முதலில் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் போட்டு, கொன்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்று தெரிவு செய்து, தரத்தை உயர்த்தி வைத்து ஒரு கொப்பி எடுங்கள், பிறகு அதை டிவிடி மென்பொருளுக்குக் கொடுங்கள். மாற்றத்தைக் குறைக்க வேண்டும் என்று மேலே சொன்னேன், இந்த ஒரு மாற்றம் மட்டும் தேவையானது. வாட்ஸ்அப்பில் வந்தவை ஏற்கெனவே நன்றாகச் சுருங்கியவை, எந்த மென்பொருளாலும் அவற்றைத் திரும்ப நிமிர்த்த முடியாது. எடுத்தவர்களிடம் கேபிளிலோ பென் டிரைவிலோ மூல ஃபைலை வாங்குங்கள்.

கேள்வி: பழைய மினி டிவி (MiniDV) கமரா கசெட்டுகளைக் கணினியில் ஏற்றி டிவிடி ஆக்கினேன். கணினியில் பார்க்க நல்லாய் இருக்கிறது, ரீவியில் ஆட்கள் நடக்கும்போது உதறுகிறது.
– வாசகர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட ஒரு வரியாகப் பிரித்த இரண்டு பாதிகளாக, ஒன்றன்பின் ஒன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில், பல மென்பொருள்களின் டிவிடி அமைப்பில் மேற்பாதி முதலில். வரிசை மாறினால் ஆள் முன்னால் ஒரு எட்டு, பின்னால் ஒரு எட்டு வைப்பதுபோல உதறும். எம்பெக்-2 ஆக்கும் இடத்தில் ஃபீல்ட் ஓர்டரை (இந்தப் பாதிகளின் வரிசையை) ‘லோவர்’ என்று மாற்றி மீண்டும் அடியுங்கள். ஒலி சில கசெட்டுகளில் 32 கிலோஹெர்ட்ஸில் பதிந்திருக்கும், அதை 48 ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு மணித்தியாலம் 13 ஜிபி வருகிறதே என்று அந்த ஏவிஐ ஃபைல்களை அழித்துவிடாதீர்கள். கசெட் பூஞ்சணம் பிடித்தால் பிறகு அதுதான் ஒரே மூலம், டிவிடி அதற்கு ஈடாகாது.

கேள்வி: எம்பி4 ஃபைலை நேரே டிஸ்க்கில் எழுதினேன். பழைய பிளேயரில் ஓடவில்லை, டிஸ்க் பழுதா?
– வாசகி ஒருவர், ஊர்காவற்றுறை

பதில்: டிஸ்க் பழுதில்லை. நீங்கள் செய்தது டேட்டா டிஸ்க். பிளேயர் தேடுவது வீடியோ டிஎஸ் என்ற ஃபோல்டரையும் அதற்குள் இருக்கும் விஓபி, ஐஎஃப்ஓ ஃபைல்களையும். அவற்றைச் செய்து தருவதற்குத்தான் டிவிடி மென்பொருள். எழுதும்போது வேகத்தை 4 அல்லது 8 மடங்கில் வைத்து, முடிவில் ஃபைனலைஸ் செய்யுங்கள் (பிளேயர் வாசிக்கும்படி டிஸ்க்கை மூடி முடிப்பது).